3.25 ஃப்ளைட்டும் ஒரு சாண்ட்விச்சும்: டிஜிசிஏவுக்கு ஒரு திறந்த மடல்

டிஜிசிஏங்குற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தோட டைரக்டர் ஜெனரல் அவர்களுக்கும், டெல்லி சஃப்தர்ஜங் ஏர்போர்ட்டுக்கு எதிர்ல இருக்குற அந்த ஆபீஸ்ல உக்காந்து பயணிகளுக்கான ரூல்ஸ் எழுதுற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு ஊர் விழுப்புரம். ஏவியேஷன் பத்தி பெருசா ஒண்ணும் தெரியாது, நாலு கடைக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணிக் குடுக்குறது தான் பொழப்பு. அதனால ஒரு ரூல கையில குடுத்தா அதுல எங்க ஓட்ட இருக்குனு தேடுற புத்தி மட்டும் கொஞ்சம் உண்டு. உங்க ரூல படிக்க வேண்டிய நெலம எனக்கு வந்ததே ஒரு வளைகாப்பால தான்.

தங்கச்சி துபாய்ல இருக்கா. ஏழாம் மாசம், டாக்டர் ஃப்ளைட் ஏற வேணாம்னு சொல்லிட்டதால வளைகாப்ப அங்கயே வச்சிட்டாங்க, அம்மாவையும் கூட்டிட்டு நான் போறதா ஏற்பாடு. முன்னாடி நாளே போயிருக்கலாமேனு இப்ப எல்லாரும் கேக்குறாங்க, 20ஆம் தேதி 3பிங்குற மாசாந்திர ஜிஎஸ்டி ஃபைலிங்குக்கு கடைசி நாள், அன்னிக்கு நான் ஊர விட்டு நகர்ந்தா நாலு கடைக்காரரும் வீட்டுக்கே வந்துடுவாங்க. அதனால 21ஆம் தேதி விடியக்காலம் 3.25க்கு சென்னைல ஏறுற டிக்கெட். துபாய் டைம் படி காலைல ஆறு மணிக்கெல்லாம் எறங்கிடலாம், அங்க முகூர்த்தம் 10.30க்கு, குளிச்சு கிளம்பக்கூட நேரம் இருக்குனு கணக்கு போட்டு வச்சிருந்தேன். என்ன ஏர்லைன்னு சொல்லல. எந்த ஏர்லைனா இருந்தாலும் உங்க ரூல் படி இதே தான் நடந்திருக்கும், அதனால பேர் முக்கியம் இல்ல.

இமிக்ரேஷன் முடிச்சு கேட்ல போய் உக்காந்தாச்சு. அம்மா கையில ஒரு அட்டப் பொட்டி, உள்ள ஏழு டஜன் கண்ணாடி வளையல், சிகப்பும் பச்சையும், செக்-இன்ல போட்டா நொறுங்கிடும்னு வீட்டுல இருந்தே மடியில வச்சிட்டு வராங்க. போர்டுல 3.25னு இருந்தது 5.10 ஆச்சு. 5.10 தாண்டினப்புறம் 7.30 ஆச்சு. அப்புறம் 11.00. ஏன்னு கேட்டா "டெக்னிக்கல் இஷ்யூ சார்", கொஞ்ச நேரம் கழிச்சு அதே பையன் "ஆபரேஷனல் ரீசன் சார்". அவன் மேல எனக்கு கோவம் இல்ல, இருபத்தி மூணு வயசு இருக்கும், மேல இருந்து அவனுக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல, எங்க நூத்தம்பது பேருக்கும் நடுவுல அவன மட்டும் நிக்க வச்சிட்டாங்க. ஹோட்டல் எதாவது குடுப்பீங்களா, அம்மாவுக்கு முட்டி வலினு கேட்டேன். டேப்லட்ட பாத்துட்டு "உங்க ஃப்ளைட் 3 மணிக்கு அப்புறம் சார், அதனால எலிஜிபிள் இல்ல"ன்னான். எனக்கு புரியவே இல்ல, அப்புறம் உங்க ரூல படிச்சப்ப தான் தெரிஞ்சது, ராத்திரி 8 மணில இருந்து விடியக்காலம் 3 மணிக்குள்ள கிளம்ப வேண்டிய ஃப்ளைட் ஆறு மணி நேரத்துக்கு மேல லேட்டானா தான் ஹோட்டல், மத்த நேரத்து ஃப்ளைட்டுக்கு 24 மணி நேரம் தாண்டணும். எங்களுது 3.25. வெறும் 25 நிமிஷத்துல எங்கம்மா முட்டி வலி உங்க கணக்குக்கு வெளிய போயிடுச்சு.

ஏழு மணி வாக்குல 250 ரூவா கூப்பன் குடுத்தாங்க, ஒரே ஒரு கவுண்டர்ல தான் செல்லும். அந்த கவுண்டர்ல 250 ரூவாய்க்கு ஆறிப்போன ஒரு சாண்ட்விச்சு, தண்ணி பாட்டில். சாண்ட்விச்ச அம்மா ஒரு கடி கடிச்சிட்டு எங்கிட்ட குடுத்துட்டாங்க.

பக்கத்து சீட்ல பரமக்குடிக்கார அண்ணன் ஒருத்தர், ஷார்ஜால ஏசி டக்ட் வேலை, லீவு முடிஞ்சு அன்னிக்கு மதியம் டூட்டில ரிப்போர்ட் பண்ணணும். "ஒரு நாள் லேட்டுக்கு ரெண்டு நாள் சம்பளம் புடிப்பான் தம்பி, இவனுங்ககிட்ட ஒரு லெட்டராவது வாங்கித் தர முடியுமா, லேட்டு எங்க தப்பு இல்லனு"ன்னு கேட்டாரு. நான் போய் கேட்டேன். மெயில்ல அப்ளை பண்ணுங்கன்னாங்க. அவருக்கு மெயில் ஐடி இருக்கு, பாஸ்வேர்டு ஷார்ஜால ரூம்ல இருக்குற பையனுக்கு தான் தெரியுமாம்.

நம்ம டைம் 12 மணிக்கு, அதாவது அங்க 10.30க்கு, மாப்பிள்ள வீடியோ கால் போட்டாரு. தங்கச்சிய மணையில உக்கார வச்சாச்சு, முதல் வளையல் அம்மா போட வேண்டியது, அவ மாமியார் போட்டாங்க. அம்மா கேட்ல அந்த இரும்பு சேர்ல உக்காந்துட்டே பர்ஸ்ல மடிச்சு வச்சிருந்த கோயில் குங்குமத்த எடுத்து ஃபோன் ஸ்க்ரீன்ல அவ நெத்தி தெரியுற எடத்துல வச்சாங்க. என் ஸ்க்ரீன் கார்டு ஓரத்துல அந்த செகப்பு இன்னும் போகல. 2.40க்கு ஃப்ளைட் கிளம்புச்சு. மொத்தம் 11 மணி நேரம் 15 நிமிஷம் லேட்டு. நாங்க போய் சேர்றப்ப பந்தல்ல கட்டுன வாழ மரம் கூட வாடிப் போச்சு.

சரி, இத ஒரு சோகக் கதையா சொல்றதுக்கு உங்களுக்கு மடல் எழுதல. திரும்பி வந்து உங்க ரூல எடுத்து படிச்சேன். செக்ஷன் 3, சீரிஸ் எம், பார்ட் 4, 2010ல முதல்ல போட்டீங்க, அதுக்கப்புறம் பல தடவ திருத்தி இருக்கீங்க. அத ஒரு ஆடிட்டர் கண்ணோட படிச்சா ஒரு விஷயம் பளிச்சுனு தெரியுது. ஓவர்புக்கிங்ல சீட் இல்லனு எறக்கி விட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள வேற ஃப்ளைட்டும் தரலைனா காசு உண்டு, அடிப்படை கட்டணத்துல 200 சதவீதம், 400 சதவீதம்னு போய் 20,000 ரூவா வரைக்கும். சொல்லாம கொள்ளாம கேன்சல் பண்ணினா காசு உண்டு, ரெண்டு மணி நேரத்துக்கு மேல பறக்குற ஃப்ளைட்டுன்னா 10,000 வரைக்கும். 2023ல ஒரு திருத்தம் போட்டீங்க, இன்டர்நேஷனல் ஃப்ளைட்ல பிசினஸ் கிளாஸ்காரர கீழ் கிளாஸ்ல உக்கார வச்சா டிக்கெட் காசுல 30, 50, 75 சதவீதம், தூரத்துக்கு ஏத்த மாதிரி. நல்ல விஷயம் தான், வேணாம்னு சொல்லல. ஆனா டிலேனு வர்ற பத்திய பாத்தா சாப்பாடு, ஆறு மணி நேரம் தாண்டுனா வேற ஃப்ளைட் இல்லனா ரீஃபண்ட், அந்த ராத்திரி நேரத்துல இருந்தா ஹோட்டல். அவ்ளோ தான். காசுங்குற வார்த்தையே கிடையாது. ஒருத்தர் சீட்ட மாத்தினா முக்கால்வாசி காசு, எங்க நாளையே மாத்தினா சாண்ட்விச்சு.

இதுல இருக்குற ஓட்ட என்னன்னா, கேன்சல் பண்ணினா செலவு, டிலே பண்ணினா செலவு இல்ல. அப்ப எந்த கம்பெனிக்காரன் கேன்சல்னு போடுவான்? அதே ஃப்ளைட் நம்பர வச்சிட்டு 5.10, 7.30, 11.00னு போர்ட மாத்திட்டே இருப்பான். போதாக்குறைக்கு உங்க ரூல்லயே சாப்பாட்டுக்கான நேரத்த "முதல்ல அறிவிச்ச நேரம் அல்லது திருத்தி அறிவிச்ச நேரத்துல இருந்து"ன்னு எழுதி வச்சிருக்கீங்க. துபாய் மாதிரி நாலு மணி நேர ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் லேட்டானா சாப்பாடு. டைம திருத்திட்டே போனா அந்த மூணு மணி நேரம் எங்க இருந்து ஆரம்பிக்குதுனு சண்ட போட வேண்டியது பசியோட நிக்கிறவன் தான்.

இதே ஓட்ட ஐரோப்பால இருந்தது, அது தெரிஞ்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்தது. 2005 பிப்ரவரில இருந்து அங்க விமானப் பயணிகளுக்காக 261ங்குற நம்பர்ல ஒரு சட்டம் அமல்ல இருக்கு. அதுலயும் கேன்சலுக்கு காசு, டிலேக்கு சாப்பாடும் ஹோட்டலும் தான் எழுதி இருந்தது, அப்படியே நம்மளுது மாதிரி. ஒரு குடும்பம் 2005ல டொரோண்டோல இருந்து ஃப்ராங்ஃபர்ட்டுக்கு 25 மணி நேரம் லேட்டா வந்து சேர்ந்தாங்க, அவங்க இது டிலே இல்ல கேன்சல் தான்னு கோர்ட்டுக்கு போனாங்க, கம்பெனி இல்ல இல்ல வெறும் டிலேனு சொல்லுச்சு. 2009 நவம்பர்ல ஐரோப்பிய கோர்ட் ஒரே போடா போட்டுச்சு, நீ அத என்ன பேர் சொல்லி கூப்டாலும் சரி, மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டா போய் சேர்றவனுக்கும் கேன்சல் ஆனவனுக்கும் நஷ்டம் ஒண்ணு தான், அதனால ரெண்டு பேருக்கும் அதே காசுன்னு. ஸ்டர்ஜன் வழக்குனு சொல்றாங்க. கம்பெனிங்க விடாம திரும்ப போனாங்க, 2012லயும் அதே பதில். 1500 கிலோமீட்டர் வரைக்கும் 250 யூரோ, 3500 வரைக்கும் 400, அதுக்கு மேல 600, அதுல மட்டும் நாலு மணி நேரத்துக்குள்ள போய் சேர்த்துட்டா பாதி. லேட்ட எப்படி அளக்கணும்னு கூட தனியா ஒரு கேஸ் நடந்திருக்கு, சக்கரம் தரைய தொட்ட நேரமா, பார்க்கிங்ல நின்ன நேரமான்னு. கதவு தொறக்குற நேரம்னு 2014ல சொல்லிட்டாங்க. ஒரு கதவுக்காக ஒரு கேஸ், படிச்சப்ப சிரிப்பு வந்தது, ஆனா எங்க ஆளுங்க அஞ்சு மணி நேரம் கேட்ல உக்காந்தாலும் யாரும் எதையும் அளக்குறதே இல்லியே.

சென்னை துபாய் தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குள்ள. அந்தக் கணக்குப்படி எங்களுக்கு தலைக்கு 400 யூரோ வந்திருக்கணும், எனக்கும், எங்கம்மாவுக்கும், அந்த பரமக்குடி அண்ணனுக்கும்.

நாங்க உக்காந்திருந்த அதே டெர்மினல்ல, ஐரோப்பிய கம்பெனி ஃப்ளைட்ல ஃப்ராங்ஃபர்ட் போறவர் ஒருத்தர் இதே மாதிரி கம்பெனி தப்பால லேட்டானா 600 யூரோ கேக்கலாம், ஏன்னா ஐரோப்பிய கம்பெனினா உள்ள வர்ற ஃப்ளைட்டுக்கும் அந்த சட்டம் உண்டு. பிரிட்டிஷ் கம்பெனில லண்டன் போறவருக்கு 520 பவுண்டு, பிரெக்சிட்டுக்கு அப்புறமும் அவங்க அந்த சட்டத்த தூக்கி எறியல. கனடா போறவருக்கு எந்த கம்பெனியா இருந்தாலும் கனடா ரூல் உண்டு, பெரிய கம்பெனினா ஒம்பது மணி நேரத்துக்கு மேல லேட்டுக்கு 1000 கனடா டாலர். இது எல்லாம் நம்ம ஊர் மண்ணுல, நம்ம ஏர்போர்ட்ல நின்னுட்டு, வேற நாட்டு சட்டத்தால வாங்குறது. நம்ம நாட்டு சட்டத்த மட்டும் நம்பி நின்னா ஒண்ணும் இல்ல.

இதவிட எனக்கு எரிச்சலா இருக்குறது வேற. ஐரோப்பால இருந்து கிளம்புற எந்த கம்பெனிக்கும் அந்த சட்டம் பொருந்தும், இந்திய கம்பெனி உட்பட. அதாவது நம்ம ஊர் ஏர்லைன் ஃப்ராங்ஃபர்ட்ல இருந்து கிளம்பி நாலு மணி நேரத்துக்கு மேல லேட்டா டெல்லி வந்தா பயணிக்கு 600 யூரோ குடுத்தாகணும், அதே ஃப்ளைட், அதே பைலட்டு, அதே சீட்டு, டெல்லில இருந்து கிளம்பி அதே நேரம் லேட்டா ஃப்ராங்ஃபர்ட் போனா சாப்பாட்டு கூப்பன். என் ரூம்மேட்டா இருந்தவன் இப்ப ஜெர்மனில இருக்கான், ஊருக்கு வர்றப்ப அஞ்சு மணி நேரம் லேட்டு, ஆன்லைன்ல ஒரு ஃபார்ம் போட்டான், கொஞ்ச வாரத்துல காசு அக்கவுண்ட்ல, நம்ம காசுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல. "நீயும் அப்ளை பண்ணு மச்சி"ன்னு எனக்கு லிங்க் அனுப்புறான். எங்க அப்ளை பண்றது?

இன்டர்நேஷனல் ஃப்ளைட்ல கம்பெனியோட பொறுப்பு என்னனு நாடுங்க சேர்ந்து போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கேனு சொல்வீங்க. இருக்கு, 2009ல நாம சேர்ந்தோம், 19ஆவது பிரிவு டிலேக்கு கம்பெனி பொறுப்புனு தான் சொல்லுது, உச்சவரம்பு 2024 டிசம்பர் 28ல இருந்து 6303 எஸ்டிஆர் (ஐஎம்எஃப் வச்சிருக்குற ஒரு பொது கணக்கு அலகு), நம்ம காசுக்கு லட்சக்கணக்குல வரும். கேக்க நல்லா இருக்கு. ஆனா அது நிரூபிச்ச நஷ்டத்துக்கு மட்டும், அதுக்கும் நாங்க எல்லா நியாயமான முயற்சியும் எடுத்தோம்னு கம்பெனி காட்டிட்டா கழண்டுக்கலாம். நான் என்னத்த நிரூபிக்கிறது? முதல் வளையலுக்கு பில்லு இருக்கா? பரமக்குடி அண்ணனுக்கு சம்பளம் புடிச்சதுக்கு அவர் முதலாளி சீட்டு எழுதிக் குடுப்பாரா?

கன்ஸ்யூமர் கமிஷன் இருக்கு, அதையும் நான் கொற சொல்ல மாட்டேன், 2019 சட்டத்துக்கு அப்புறம் நம்ம ஊர்லயே போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கூட இல்ல. 2021ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு ரயில் கேஸ்ல, நாலு மணி நேரம் லேட்டா வந்ததால ஜம்முல இருந்து ஃப்ளைட்ட விட்ட குடும்பத்துக்கு ரயில்வே 30,000 குடுக்கணும்னு கன்ஸ்யூமர் கமிஷன் சொன்னத அப்படியே உறுதி பண்ணுச்சு, லேட்டுக்கு காரணம் சொல்லி நிரூபிக்க வேண்டியது ரயில்வே தான்னும் சொல்லுச்சு. ஆனா அந்த பயணம் 2016ல, தீர்ப்பு 2021ல. அஞ்சு வருஷம். வளைகாப்புல பொறக்காத கொழந்த அதுக்குள்ள ஸ்கூல் போயிடும்.

நீங்க நடவடிக்கையே எடுக்கலைனு சொல்ல மாட்டேன். 2024 மே கடைசில டெல்லில இருந்து சான் ஃப்ரான்சிஸ்கோ போற ஃப்ளைட் ஒரு நாளுக்கு மேல லேட்டாகி, உள்ள உக்கார வச்சிருந்த ஜனங்க ஏசி இல்லாம மயங்கி விழுந்தாங்கன்னு நியூஸ் வந்தப்ப ஷோ காஸ் நோட்டீஸ் அனுப்புனீங்க. அதே வருஷம் ஜனவரில மும்பைல பயணிங்க ஃப்ளைட் நிக்கிற தரையிலயே உக்காந்து சாப்பிட்ட வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு, அதுக்கு கோடிக்கணக்குல அபராதம் போட்டாங்க. அபராதம் அரசாங்க கஜானாவுக்கு போகுது சார். தரையில உக்காந்து சாப்பிட்டவனுக்கு சட்டப்படி அதுல எவ்ளோ?

டிக்கெட் விலை ஏறிடும்னு கம்பெனிங்க உங்ககிட்ட வந்து சொல்லுவாங்க. கொஞ்சம் ஏறும், ஏறாதுனு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஐரோப்பால இருபது யூரோவுக்கு டிக்கெட் விக்கிற கம்பெனிங்க இந்த சட்டத்துக்குள்ள தான் இருபது வருஷமா ஓடுது, மூடிட்டு போகல. பாதுகாப்பு பாதிக்கும், காசுக்கு பயந்து ரிப்பேரோட பறப்பாங்கன்னு இன்னொன்னு சொல்லுவாங்க. அங்க 2008லயே கோர்ட் சொல்லிடுச்சு, மெயின்டனன்ஸ்ல வர்ற சாதாரண டெக்னிக்கல் கோளாறு கம்பெனியோட அன்றாட வேலைல சேர்ந்தது, அத "அசாதாரண சூழ்நில"னு சொல்லி தப்பிக்க முடியாதுனு. புயல், ஏர்போர்ட் மூடுறது, வான்வெளிய அடைக்கிறது, அதுக்கெல்லாம் யாரும் காசு கேக்கல, சாப்பாடும் படுக்க எடமும் குடுத்தா போதும். கனடாக்காரங்க மட்டும் "பாதுகாப்புக்காக"ன்னு சொன்னா காசு வேணாம்னு ஒரு வழி விட்டு வச்சாங்க, என்ன ஆச்சு, டிலே கேஸ்ல எல்லாம் பாதுகாப்புங்குற காரணத்துல தான் சண்ட, கடைசில அந்த வழிய அடைக்க 2024 டிசம்பர்ல அவங்களே வரைவு ரூல் போட வேண்டியதாச்சு. அந்த தப்ப நீங்களும் பண்ணாதீங்க.

மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு மேல நாங்க தனியா தொகை நிர்ணயிக்க முடியாதேனு உங்க லீகல் டீம் எழுதி வைக்கலாம். கம்பெனிங்க அத ஐரோப்பால 2006லயே கேட்டு தோத்தாச்சு, கனடா சுப்ரீம் கோர்ட்ல 2024 அக்டோபர்லயும் தோத்தாச்சு.

நான் கேக்குறது பெருசு இல்ல. இந்தியால இருந்து கிளம்புற இன்டர்நேஷனல் ஃப்ளைட், எந்த நாட்டு கம்பெனியா இருந்தாலும், கம்பெனி காரணத்தால நாலு மணி நேரத்துக்கு மேல லேட்டா போய் சேர்ந்தா தூரத்துக்கு ஏத்த ஒரு தொகை. யூரோ கணக்குல வேணாம், நீங்க கேன்சலுக்கு வச்சிருக்குற அதே 10,000ல இருந்து ஆரம்பிங்க. லேட்ட டிக்கெட்ல அச்சடிச்ச நேரத்துல இருந்து அளக்கணும், போர்டுல அவங்க மாத்தி மாத்தி போடுற நேரத்துல இருந்து இல்ல. ஹோட்டலுக்கு அந்த 3 மணிங்குறத 6 மணியாக்குங்க, வளைகுடா போற ஃப்ளைட்டுங்க எத்தன விடியக்காலம் 3ல இருந்து 5 மணிக்குள்ள கிளம்புதுனு உங்க டேபிள்லயே ஷெட்யூல் இருக்கும், ரூல் எழுதுனப்ப அந்த ஃப்ளைட்டுங்க உங்க கண்ணுல படவே இல்ல. அப்புறம் லேட்டுக்கு காரணம் என்னனு கேட்லயே, கேக்காமலே, கையெழுத்து போட்ட ஒரு பேப்பர், ஒவ்வொருத்தருக்கும், தமிழ்லயும். முதலாளிகிட்ட காட்ட.

தங்கச்சிக்கு அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. பிரசவத்துக்கு அம்மா போகணும், இந்த தடவ தனியா. டிக்கெட் தேடுனேன், எங்க பட்ஜெட்டுக்கு வர்றது அதே 3.25 தான். போட்டுட்டேன். கூப்பன் குடுத்தா வாங்காதம்மா, வீட்டுல இருந்தே தயிர் சாதம் கட்டிக்கோன்னு சொல்லி இருக்கேன், "தயிர் சாதத்த உள்ள விடுவாங்களாடா"ன்னு கேக்குறாங்க.

இப்படிக்கு,
விழுப்புரத்துல இருந்து ஒரு பயணி